மலையகமா, யாழ்ப்பாணமா, காத்மாண்டுவா? நண்பர்களோடு வீக்எண்ட் கிளம்பும் முன் ஒரு ஒப்பீடு

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாளாகவே ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோவையில் வேலை, கையில் கொஞ்சம் காசு, அடுத்த நீண்ட விடுமுறையில் நாலைந்து பேர் சேர்ந்து வெளிநாடு போய்வர ஆசை. பாங்காக் போய் மால் சுற்ற விருப்பமில்லை என்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கிற ஒரு நாட்டுக்குப் போய், அங்கே சனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும், முடிந்தால் ஏதாவது செய்துவிட்டும் வரவேண்டும். இலங்கை மலையகம், யாழ்ப்பாணம், நேபாளம், கம்போடியா என்று வாட்ஸ்அப் குழுவில் பெயர்கள் வரிசையாக விழுகின்றன, வாரக்கணக்கில் பேச்சு இழுக்கிறது, டிக்கெட் மட்டும் யாரும் போடவில்லை.

நல்ல ஆசைதான் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏழ்மையை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவது ரொம்ப சுலபம், இரண்டு நாளில் முடிந்துவிடும். போன இடத்துச் சனங்களுக்கு நம்மால் ஒரு தொந்தரவும் இல்லாமல், நமக்கும் ஏதோ புரிந்து திரும்புவதற்கு இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். வீக்எண்ட் என்றால் சனி ஞாயிறு என்று சமவெளிக்காரர்கள் கணக்குப் போடலாம். நமக்கு மலை இறங்க அரை நாள், ஏற அரை நாள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை விமான நிலையம் போகவே இரண்டரை மணி நேரம் ஆகும், திருச்சி என்றால் ஆறேழு மணி நேரம். மழைக்காலத்தில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்தால் அந்தக் கணக்கும் போச்சு. ஆகவே எந்த ஊரைச் சொன்னாலும், அங்கே காலை ஊன்றி நிற்கிற நேரம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, செலவு. டிக்கெட்டும் ரூமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், தெரியாத செலவுதான் காலை வாரும். அதை ஒவ்வொரு இடத்திலும் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, நாம் செலவழிக்கிற காசு யார் கைக்குப் போகிறது. ஒரு கம்பெனி ஹோட்டலில் தங்கி, கம்பெனி வேனில் சுற்றி, ஏர்போர்ட் கடையில் சாமான் வாங்கித் திரும்பினால், ஏழை நாட்டுக்குப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஏழை கைக்கு ஒரு ரூபாயும் போயிருக்காது.

நான்காவதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். அந்த ஊர்ச் சனங்கள் நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியுமா? நாம் கேட்பது, படம் எடுப்பது, பரிதாபப்படுவது எல்லாம் எந்த நாட்டிலும் நடக்கும், கைடு ஒருவர் இருந்தால் போதும். அவர்கள் நம்மைப் பார்த்து "நீ யாரு, எதுக்கு வந்தே, உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டு, நாம் பதில் சொல்லத் தடுமாறுகிற இடமாக இருந்தால்தான் அது இரண்டு பேர் சந்தித்துக்கொண்டதாகும். இல்லாவிட்டால் மிருகக்காட்சி சாலைதான்.

கடைசியாக ஒரு சோதனை. அதை நாம் வெளியில் போய்க் கற்க வேண்டியதில்லை. சீசனில் நம் ஊருக்கு வருகிற கூட்டத்தைப் பார்க்கிறோமே. கூட்டம் தாங்காமல்தான் உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கே கட்டினார்கள். வருகிறவர்களில் எத்தனை பேர் ரோட்டோரம் காரை நிறுத்தி, கொழுந்து பறிக்கிற அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படம் எடுக்கிறார்கள்? தோடர் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் நுழைகிறார்கள்? கேரட் விற்கிற பாட்டியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார்கள்? நமக்கு எது எரிச்சலோ, அதை அங்கே போய் நாம் செய்யாமல் இருக்க முடிகிற இடமா என்று பாருங்கள்.

## இலங்கை மலையகம்: ஹட்டன், நுவரெலியா, பதுளை

நீலகிரியிலிருந்து போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அங்கிருந்து நம் மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காகத்தான் 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, 1976-ல் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி எங்கு பார்த்தாலும் அந்தக் குடும்பங்கள். எங்கள் வீடும் அப்படி வந்த வீடுதான். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் இன்றைக்கும் எங்கள் வீட்டில் காலைப் பலகாரம்.

ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று பிரிந்த கதை ஆயிரம் உண்டு. அதனால் ஹட்டன் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய் நின்று "நீலகிரியிலிருந்து வர்றோம்" என்று சொன்னால், அது இன்னொரு நாட்டின் பெயரைச் சொல்வது மாதிரி இருக்காது. "நீலகிரில எங்க? எங்க பெரியப்பா குடும்பம் கூடலூர்ப் பக்கம்தான் போச்சு, தெரியுமா?" என்று பேச்சு தொடங்கிவிடும்.

கஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், நிறைய. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் அது திரும்பக் கிடைத்தது. சொந்த நிலம் இல்லாததால் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் இன்னும் குடும்பங்கள் வரிசையாக ஒட்டி இருக்கின்றன. நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கச் சொல்லி வருடக்கணக்கில் போராடி 2021-ல் அது கிடைத்தது. 2024-ல் 1,350 ரூபாய் என்று அரசு அறிவித்தது, அப்புறமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கு மேல் இலங்கை ரூபாய் என்று வைத்தால், அந்த 1,350 நம் காசில் ஏறக்குறைய நானூறுதான். அதுவும் தோட்டம் கேட்கிற கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, குறைந்தால் அரைப்பேர். 2021-ல் ரசாயன உரத்தைத் தடை செய்ததில் தேயிலை விளைச்சல் விழுந்தது, 2022 ஏப்ரலில் நாடே கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது, அந்த வருடம் செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உலக வங்கிக் கணக்கில் 2023-ல் நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில். தோட்டங்களில் அது இன்னும் மோசம்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், டிக்கெட் விலையைவிட இது முக்கியம். தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில் தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். முன்பக்கம் ஒரு அறை, பின்னால் புகை படிந்த ஒரு அடுப்படி, தகரக் கூரையில் இரண்டு இடத்தில் பாலிதீன் செருகியிருந்தது. அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பேத்தியைக் காதோடு ஏதோ சொல்லி அனுப்பினார். பிள்ளை ஓடிப்போய் ஒரு பாக்கெட் கிரீம் கிராக்கரும் ஒரு பாட்டில் நெக்டோவும் வாங்கி வந்தது. கையில் காசு கொண்டுபோகவில்லை, கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. நாங்கள் வந்ததில் அந்த வீட்டுக்கு அன்றைய செலவு அது. பேத்தி எங்களுக்கு டம்ளரை நீட்டியபடி, பாட்டிலில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றது. அப்புறம் அந்த அம்மா பிளேன்டீ ஊற்றிக்கொண்டே கேட்ட கேள்விகள்: "உங்க தோட்டத்துல எத்தனை கிலோவுக்குப் பேர் போடுறாங்க? வேலைய விட்டு நின்னா வீட்டுல இருக்க விடுறாங்களா? பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) இருக்கா?"

மறைந்த செலவு என்று நான் சொல்வதில் இதுதான் முதல் வரி. அதைச் சுமப்பவர்கள் அவர்கள். ஆகவே போகிறவர்கள் ஹட்டன் டவுனிலேயே சீனி, பருப்பு, பால்மா, நல்ல பிஸ்கட் என்று வாங்கிக்கொண்டு போங்கள். நம் ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவோமா? அந்த அளவுக்குத்தான், அதற்கு மேல் அள்ளிக்கொண்டு போய் லயத்து வாசலில் வைத்து வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்க வேண்டாம்.

போகிற வழி திருச்சியிலிருந்து. கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகு மலைக்கு நாலைந்து மணி நேரம் ஏற வேண்டும். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை போகும் ரயில் பாதை அழகானதுதான், ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவும் உயிர்ப்பலியுமாகப் போனது, ரயில் பாதையும் பலமாக அடிவாங்கியது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். மண்சரிவு என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீடு இழந்தவர்கள் தங்கியிருக்கிற இடத்துக்குக் கேமராவோடு போகாதீர்கள்.

இன்னும் சில செலவுகள். ஏப்ரலில் நுவரெலியா சீசன், நம் ஊட்டி மே மாதம் மாதிரியே ரூம் வாடகை எகிறும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், அப்போது ஹட்டனில் பஸ்ஸும் ரூமும் நெருக்கடி. தோட்டத்துக்குள் போகும் ரோடு தோட்டத்துச் சொத்து, துரையிடம் (தோட்ட மேனேஜரிடம்) சொல்லாமல் போனால் நம்மைக் கூட்டிப்போனவருக்குத்தான் கேள்வி வரும். இன்னொன்று, நாம் போகிற ஞாயிறுதான் அவர்களுக்கு ஒரே ஓய்வு நாள். துணி துவைப்பது, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குவது, கோயில், சர்ச் எல்லாம் அன்றைக்குத்தான். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வீட்டில் உட்காராதீர்கள்.

காசு போக வேண்டிய இடம்: பழைய துரை பங்களாக்களை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் தங்கினால் காசு கம்பெனிக்கு. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் நடத்துகிற சின்னத் தங்குமிடங்கள், ஆட்டோக்கள், சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அங்கே செலவழியுங்கள், பேரம் பேசாதீர்கள். நுவரெலியா ரோட்டில் வளைவுக்கு வளைவு குறுக்கு வழியில் ஓடிவந்து பூ நீட்டுகிற பையன்களைப் பார்ப்பீர்கள். மனசு கரையும். பூ வாங்கினால் அந்தப் பையன் நாளைக்கும் பள்ளிக்கூடம் போகாமல் அந்த வளைவில்தான் நிற்பான். நான் வாங்குவதில்லை.

எப்போது இது சரியான தேர்வு: நாலு நாளாவது கையில் இருந்தால். மூன்று நாள் என்றால் பயணத்திலேயே போய்விடும், லயத்தை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

## யாழ்ப்பாணம்

இரண்டரை நாள்தான் இருக்கிறது என்றால் இது ஒன்றுதான் சாத்தியம். பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேசப் போக்குவரத்துக்குத் திறந்தது. சென்னையிலிருந்து விமானம் உண்டு, திருச்சியிலிருந்து 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணம், சின்ன ஏடிஆர் விமானம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது, 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நாலு மணி நேரம். ஆனால் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், வடகிழக்குப் பருவமழையில் நம்பவே முடியாது. திங்கள் காலை ஆபீஸ் போக வேண்டியவர்கள் திரும்புவதற்குக் கப்பலை நம்பாதீர்கள்.

தமிழ் ஊர் என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. ஆனால் யாழ்ப்பாண டவுனில் இறங்கிப் பார்த்தால் "எங்கே ஏழ்மை?" என்று கேட்பீர்கள். நல்லூர் வீதியில் பெரிய பெரிய வீடுகள், கனடா காசு, லண்டன் காசு. ஏழ்மை தெரிய வன்னிப் பக்கம், கிளிநொச்சிக்கும் 2009 மே மாதம் போர் முடிந்த முல்லைத்தீவுக்கும் போக வேண்டும். கணவனை இழந்த பெண்கள் தலையெடுத்து நடத்தும் வீடுகள், அவர்களைச் சுற்றி நுண்கடன் கம்பெனிகள், வாராவாரம் தவணை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்கில் தொடர்ந்தது.

அங்கே போகிறவர்கள் வாயை அடக்க வேண்டும். "போர்ல என்ன நடந்தது, சொல்லுங்க" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது கொடுமை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் பனங்கட்டி விலை என்ன, மழை எப்படி என்று பேசிவிட்டு வாருங்கள்.

திருப்பிக் கேள்வி கேட்கிறார்களா? கடலோரத்தில் கட்டாயம் கேட்பார்கள். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துப் போவதும் கடலடியை வாரிப்போவதும் அங்கே தினசரிப் பேச்சு. இழுவை மடியை இலங்கை 2017-ல் தடை செய்தது. நம் ஊர்ச் செய்தியில் எப்போதும் நம் மீனவர்கள் கைதாவது மட்டும்தான் வரும், அது உண்மையான துயரம்தான். ஆனால் பருத்தித்துறையில் வலை போன ஒருவர் எதிரே உட்கார்ந்து "உங்கட படகுகள்" என்று சொல்லும்போது, அந்த ஏழ்மையில் நம் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்று புரியும். இதற்காகவே யாழ்ப்பாணம் போகலாம் என்பேன். மலையிலிருந்து போகிற நாம் கடலைப் பற்றி வாதம் பண்ணப் போக வேண்டாம், கேட்கத்தான்.

மறைந்த செலவு: சின்ன விமானம் என்பதால் லக்கேஜ் கணக்கு. டவுனிலிருந்து வன்னிக்கு வேன் வாடகை, போய்வர ஒரு முழு நாள். அப்புறம் திருச்சி போகும் வழியில் ஒரு ராத்திரி ரூம், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அப்போது வேண்டாம். காசு கொடுக்க நல்ல இடங்கள் பனைப் பொருள் விற்கும் சங்கங்கள், வீட்டோடு சேர்ந்த விருந்தினர் தங்குமிடங்கள்.

## காத்மாண்டு

விசா வேண்டாம் என்பதால் நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். விமானத்தில் போகிற நம் வயதுக்காரர்களுக்கு ஆதாரை ஏற்பதில்லை, இது தெரியாமல் ஏர்போர்ட்டில் நிற்பவர்கள் உண்டு. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்று நிலையான கணக்கு.

ஆனால் கோவையிலிருந்து டெல்லி போய், மாறி, காத்மாண்டு இறங்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள். வீக்எண்டில் மிச்சம் என்ன? டிக்கெட்டும் மற்ற இரண்டைவிட அதிகமாகத்தான் வரும். நீண்ட விடுமுறைச் சமயத்தில் டெல்லி வழி விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நேபாளத்தின் கஷ்டம் கண்ணில் படுகிற இடம் திரிபுவன் விமான நிலையமே. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு இப்படி வெளியே போனவர்கள் அனுப்புகிற பணம். 2015 ஏப்ரல் பூகம்பத்தில் ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் கிளம்பி அரசாங்கமே கவிழ்ந்தது. பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கிற நாடு. ஆனால் நம் ஆட்களுக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்கும் அது சொந்த பாஷை இல்லை. நடுவில் ஒரு கைடு வந்துவிடுவார். கைடு வந்தால் கேள்வி ஒரு பக்கமாகத்தான் போகும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. "ஒரு நாள் அனாதை இல்லத்தில் சேவை" என்று பேக்கேஜ் விற்பார்கள். தொடாதீர்கள். பெற்றோர் உயிரோடு இருக்கிற பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லி மலைக்கிராமங்களிலிருந்து கூட்டி வந்து, வெளிநாட்டுக்காரர் காசுக்காக இல்லங்களில் வைத்திருந்த சம்பவங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. நாம் சாக்லேட் கொடுத்து, தூக்கி வைத்துப் படம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை டாட்டா காட்டுவோம். அந்தப் பிள்ளை வாராவாரம் ஒரு புது முகத்திடம் ஒட்டி, வாராவாரம் பிரியும். நம் வீட்டுப் பிள்ளையை இப்படி முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் விடுவோமா?

காத்மாண்டு சரியான தேர்வாவது ஒரு வாரம் லீவு கிடைத்தால், அதோடு உங்களோடு வேலை பார்க்கும் நேபாளி நண்பர் ஒருவர் தன் ஊருக்கு அழைத்தால். அப்படி அழைப்பு வந்தால் மலையகத்தைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு அங்கே போங்கள்.

## கம்போடியா, அப்புறம் "இங்கேயே இருக்கலாமே"

சியம் ரீப் வீக்எண்டுக்கு ஆகாது. வழியில் விமானம் மாற வேண்டும், பாஷை சுத்தமாகத் தெரியாது, அனாதை இல்லச் சுற்றுலா அங்கேயும் பெரிய பிரச்சினையாக இருந்து அதற்கு எதிராகவே பிரச்சாரம் நடந்த ஊர். கோயில் பார்க்கப் போங்கள், அதற்கு அந்த ஊர் ஒரு அதிசயம்.

"ஏழ்மையைப் பார்க்க எதற்கு வெளிநாடு? பந்தலூருக்குப் பஸ் ஏறினால் போதுமே" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு முடிவெடுத்த பிறகு, ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்கே போவது என்று அங்கே ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. தனியார் எஸ்டேட்டுகளில் இப்போது இலை பறிப்பவர்களில் எத்தனை பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள்.

ஆனால் இதை வெளிநாட்டுக்குப் பதிலாக வைக்காமல், கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையாக வைக்கச் சொல்வேன். தலவாக்கலை அம்மா கேட்ட கேள்விகளுக்கு நம் ஊர்ப் பதில் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து லைனில் நாள் கூலி என்ன, வேலையை விட்டால் வீடு உண்டா, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு ஞாயிறு போய் விசாரியுங்கள். பஸ் காசுதான் செலவு. அதைத் தெரியாமல் ஹட்டன் போனால் வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் தின்றுவிட்டு வரவேண்டியதுதான்.

## ஒரு பார்வையில்

| | மலையகம் | யாழ்ப்பாணம் | காத்மாண்டு |
|---|---|---|---|
| குறைந்தது எத்தனை நாள் | 4 | இரண்டரை, வன்னிக்கும் போனால் 3 | ஒரு வாரம் |
| நம் மலையிலிருந்து வழி | திருச்சி, கொழும்பு, அங்கிருந்து ரோடு அல்லது ரயில் | திருச்சி அல்லது சென்னை. நாகையிலிருந்து கப்பல் | கோவை, டெல்லி |
| பேச்சு | தமிழ், நம் தோட்டத்துத் தமிழுக்கு ரொம்பப் பக்கம் | தமிழ் | அரைகுறை இந்தி, கைடு |
| தவிர்க்க வேண்டிய மாதம் | ஏப்ரல் கூட்டம், மே முதல் செப்டம்பர் மழை | அக்டோபர் முதல் டிசம்பர் | ஜூன் முதல் செப்டம்பர் மழை |
| மறக்கிற செலவு | மலையேறும் வண்டி, வீட்டுக்கு வாங்கிப்போகும் சாமான் | வன்னி வேன், திருச்சி ரூம், லக்கேஜ் | டெல்லி மாறும் செலவு, இரண்டு நாள் லீவு |
| நம்மைக் கேள்வி கேட்பார்களா | கட்டாயம் | கட்டாயம், கடுமையாகவும் | யாராவது அழைத்துப் போனால் |

யுபிஐ இலங்கை, நேபாளம் இரண்டு நாட்டிலும் 2024-லிருந்து வேலை செய்கிறது, ஆனால் அது பெரிய கடைகளுக்கு. லயத்துக் கடைக்கும் ஆட்டோவுக்கும் அந்த ஊர்ப் பணம் சில்லறையாகக் கையில் இருக்கட்டும். கார்டில் எடுத்தால் வங்கி பிடிக்கிற தொகையையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

## ஐந்து பேர் குழுவுக்கு நான் சொல்வது

பொங்கலையோ குடியரசு தினத்தையோ ஒட்டி நாலு நாள் கிடைத்தால் மலையகம். ஜனவரி, பிப்ரவரியில் மழையும் குறைவு. அது கிடைக்காது, சனி ஞாயிறோடு ஒரு நாள்தான் என்றால் யாழ்ப்பாணம், அதிலும் ஒரு நாளைக் கடலோரத்துக்கு ஒதுக்குங்கள். நேபாளத்தை அழைப்பு வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

மலையகம் என்று முடிவானால், உங்கள் ஊரில் அங்கே சொந்தம் உள்ள ஒரு குடும்பத்தை முதலில் தேடுங்கள். கோத்தகிரியிலோ கொளப்பள்ளியிலோ ஒரு பெரியவரிடம் கேட்டால் போதும், தோட்டத்துப் பெயர், டிவிஷன் பெயர் எல்லாம் சொல்வார். அவர் எழுதிக் கொடுக்கிற கடிதத்தையோ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற குரலையோ கொண்டுபோங்கள். அவர் அனுப்பி வந்தவர்கள் என்றால் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்கள். ஐந்து பேரும் ஒரே வீட்டுக்குள் போகாதீர்கள், பத்தடி அறையில் ஐந்து விருந்தாளி உட்கார்ந்தால் வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்க வேண்டும். இரண்டு பேர் போங்கள், மற்றவர்கள் கோயில் பக்கம் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடட்டும். படம் எடுத்தால் கேட்டு எடுங்கள், அதை அவர்கள் போனுக்கு அன்றைக்கே அனுப்புங்கள். திரும்பி வந்ததும் இங்கே அனுப்பிவைத்த பெரியவர் வீட்டுக்குப் போய் அந்தப் படங்களைக் காட்டி, யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அதற்கும் ஒரு மாலை நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இலங்கைக்கு பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும், ஈடிஏ என்கிற ஆன்லைன் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. அதன் கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகிறது, இலங்கை அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள், இடையில் நிற்கிற ஏஜென்ட் தளங்கள் இரட்டிப்பாகப் பிடுங்கும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் குழுவில் இருந்தால் அந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள், டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.